சொட்டுநீரில் எந்தப் பொட்டாஷ்? வெள்ளைப் பொட்டாஷும் 0-0-50ம் 13-0-45ம்

உரக்கடையில் போய்ப் பொட்டாஷ் என்று கேட்டால் இன்றைக்கு நான்கைந்து மூட்டைகளைக் காட்டுகிறார்கள். சிவப்புப் பொட்டாஷ், வெள்ளைப் பொட்டாஷ், 0-0-50, 13-0-45, 0-52-34. இந்த மூன்று எண்களும் வரிசையாகத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்தின் சதவீதம். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். "எல்லாம் பொட்டாஷ்தானே அண்ணே, இது மட்டும் ஏன் இந்த விலை?" என்று கேட்டால், "அது தண்ணியில நல்லா கரையும் தம்பி" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் சரியில்லை. விலை கூடிய 0-0-50ஐவிட மலிவான வெள்ளைப் பொட்டாஷ் தண்ணீரில் ஏறக்குறைய மூன்று மடங்கு கரையும்.

அப்படியென்றால் கூடுதல் காசு எதற்கு? தண்ணீரில் கரைந்த பிறகு எந்த மூட்டையிலிருந்து வந்தாலும் பொட்டாசியம் அயனி ஒன்றேதான். வேர் அதில் பேதம் பார்ப்பதில்லை. நாம் கூடக் கொடுக்கும் காசு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக்கு: வெள்ளை, சிவப்புப் பொட்டாஷில் குளோரைடு, 0-0-50ல் சல்பேட், 13-0-45ல் நைட்ரேட், 0-52-34ல் பாஸ்பேட். அந்தத் துணை நமக்கு வேண்டியதா, வேண்டாததா, நம் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பவற்றோடு அது எப்படி நடந்துகொள்ளும்? இதைப் பார்த்துத்தான் மூட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே சொட்டுநீர் போட்ட ஒரு ஏக்கர் வாழையை வைத்தே கணக்குப் பார்க்கிறேன். பொட்டாஷ் அதிகம் கேட்கும் பயிர் அது, அதனால் வித்தியாசங்கள் பளிச்சென்று தெரியும்.

மூட்டையில் எழுதிய எண்

மூட்டையில் சாம்பல் சத்துக்கு 60 (வெள்ளை, சிவப்புப் பொட்டாஷ்), 50, 45 என்று இருப்பது பொட்டாசியத்தின் எடை அல்ல, பொட்டாசியம் ஆக்சைடு என்ற கணக்கு. உண்மையில் எந்த மூட்டைக்குள்ளும் பொட்டாசியம் ஆக்சைடு கிடையாது. பழைய ஆய்வுக்கூட வழக்கம் அப்படியே உர வியாபாரத்தில் நின்றுவிட்டது. அந்த எண்ணை 0.83ஆல் பெருக்கினால் உண்மையான பொட்டாசியம் வரும். எல்லோரும் ஆக்சைடு கணக்கிலேயே பேசுவதால் நாமும் அதிலேயே போகலாம்.

நேந்திரன் ரகம் அல்லாத தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 110, 35, 330 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த 330 கிராம் சாம்பல் சத்தைக் கொடுக்க வெள்ளைப் பொட்டாஷ் என்றால் 550 கிராம் போதும். 0-0-50 என்றால் 660 கிராம். 13-0-45 என்றால் 730 கிராமுக்குச் சற்று மேல். 0-52-34 என்றால் 970 கிராம் வேண்டும், ஆனால் அதோடு 500 கிராம் மணிச்சத்தும் வந்து இறங்கும். மரத்துக்கு வேண்டியது 35 கிராம்தான். எனவே 0-52-34 ஒரு பொட்டாஷ் உரமே இல்லை. பாஸ்பேட் உரம், கூடவே கொஞ்சம் பொட்டாஷ் வருகிறது என்று எடுத்துக்கொண்டு இந்தப் போட்டியிலிருந்து அதைத் தள்ளி வைத்துவிடலாம். பூக்கும் தருணத்தில் தெளிப்பதற்கு அது நல்ல உரம், அது வேறு கதை.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், மூட்டை விலையை அதிலுள்ள சாம்பல் சத்துக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். 50 கிலோ வெள்ளைப் பொட்டாஷில் 30 கிலோ, 25 கிலோ 0-0-50ல் 12.5 கிலோ, 25 கிலோ 13-0-45ல் 11.25 கிலோ. இப்படி வகுத்துப் பார்த்தால் கடையில் தெரிந்த விலை வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

டிரம்முக்குள் என்ன நடக்கிறது

20 டிகிரி வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் குளோரைடு 34 கிராம் கரையும், நைட்ரேட் 31 கிராம் சொச்சம் கரையும், சல்பேட் வெறும் 11 கிராம்தான். வெப்பம் 30 டிகிரி ஆனால் குளோரைடு 37, நைட்ரேட் 45, சல்பேட் 13. குளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒற்றை மின்சுமை. சல்பேட்டுக்கு இரட்டை மின்சுமை, அதனால் படிகத்துக்குள் இரண்டு பொட்டாசியத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் வந்து பிரித்தாலும் லேசில் விட்டுக் கொடுப்பதில்லை.

நம் ஒரு ஏக்கருக்கு வருவோம். ஆறடிக்கு ஆறடி நட்டால் சுமார் 1,200 மரம். பொட்டாஷை 40 வாரத்துக்குச் சமமாகப் பிரித்தால் வாரத்துக்கு 10 கிலோ சாம்பல் சத்து. அதற்கு வெள்ளைப் பொட்டாஷ் பதினாறரை கிலோ. 50 லிட்டர் தண்ணீரிலேயே கரைந்துவிடும், 100 லிட்டர் வைத்தால் யோசிக்கவே வேண்டாம். 0-0-50 என்றால் 20 கிலோ. நம்மூரில் எல்லார் தோட்டத்திலும் இருக்கும் நீல நிற 200 லிட்டர் டிரம்மில் அதைக் கொட்டினால் பத்துச் சதவீதக் கரைசல். கரைதிறன் அட்டவணைப்படி கரையத்தான் வேண்டும். ஆனால் மார்கழிக் காலையில் தண்ணீர் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது கலக்கினால் அடியில் மணல் மாதிரி ஒரு படிவு நிற்கும். "கலப்படம்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அந்தப் படிவைப் பார்த்துத்தான். பல சமயம் அது கலப்படமே இல்லை, கரையாமல் மிச்சம் நிற்கும் அதே உரம்தான். வெயில் ஏறியதும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கினால் காணாமல் போகும். காணாமல் போகாவிட்டால் அப்போது சண்டை போடலாம்.

13-0-45ல் சிக்கல் வேறு மாதிரி. ஒரு பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து ஒரு கிலோ போட்டுக் கலக்கிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்குச் சில்லிடும், ஏறக்குறைய 8 டிகிரி இறங்கும். பக்கெட்டின் வெளிப்பக்கம் வியர்க்கும். பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது படிகத்தைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றல், அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்வதால் திரும்பக் கிடைக்கும் ஆற்றலைவிட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இது அதே வெடியுப்புதான். அக்பர் காலத்து அரண்மனையில் வெடியுப்புக் கரைசலில் குடுவையை வைத்துச் சுழற்றிக் குடிதண்ணீரைக் குளிர வைத்தார்கள்.

இதனால் தோட்டக்காரருக்கு என்ன? 30 டிகிரியில் பத்து லிட்டருக்கு நாலரைக் கிலோ கரையும் என்று அட்டவணை சொல்கிறதே என்று அவ்வளவையும் கொட்டினால், இரண்டு கிலோவைத் தாண்டியதும் கரைவது நின்றுபோகும். ஏனென்றால் அப்போது பக்கெட்டில் இருப்பது 30 டிகிரித் தண்ணீர் அல்ல, பதினைந்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்ட தண்ணீர். குளிரில் நைட்ரேட்டின் கரைதிறன் பாதிக்குப் பாதி விழுந்துவிடும். இதற்கு நேர் எதிராக வெள்ளைப் பொட்டாஷின் கரைதிறன் குளிரால் பெரிதாக மாறுவதில்லை; பூஜ்யம் டிகிரியிலும் 28 கிராம் கரையும். ஊட்டி, ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ராத்திரியே கரைத்து வைத்தால், பனியில் குளிர்ந்த கரைசலில் நைட்ரேட் மறுபடியும் ஊசி ஊசியாகப் படிந்து காலையில் குழாய் வாயை அடைக்கும்.

சிவப்புப் பொட்டாஷைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையும் சிவப்பும் ஒரே பொட்டாசியம் குளோரைடுதான். சிவப்பு நிறம் சுரங்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் இரும்பு ஆக்சைடு. மண்ணில் தூவ எந்தக் குறையும் இல்லை. சொட்டுநீரில் விட்டால் அந்தத் துரு தண்ணீரில் கரையாமல் மிதந்து ஃபில்டரைச் செம்மண் பூசியதுபோல ஆக்கிவிடும், ஃபில்டரைத் தாண்டிய தூள் தண்ணீர் சொட்டும் டிரிப்பரில் உட்காரும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க இதைச் சொட்டுநீரில் விடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

குளோரைடு பயம் எந்த அளவுக்கு நியாயம்?

வெள்ளைப் பொட்டாஷுக்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே பெரிய குற்றச்சாட்டு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை குளோரைடு என்பது. உண்மைதான், சுமார் 47 சதவீதம். "உப்பை வாங்கி மண்ணில் போடுகிறீர்கள்" என்று விலை கூடிய உரத்தை விற்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். இதை எண்ணில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

மரத்துக்கு 550 கிராம் வெள்ளைப் பொட்டாஷ் என்றால் அதில் குளோரைடு சுமார் 260 கிராம், அதுவும் ஒரு முழுப் பயிர்க்காலத்துக்கு. அதே காலத்தில் மரத்துக்கு நாளுக்குச் சராசரி 12 லிட்டர் வீதம் 300 நாள் தண்ணீர் விட்டால் 3,600 லிட்டர். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் குளோரைடு இருந்தால் தண்ணீர் வழியாக மட்டும் மரத்தடியில் இறங்குவது 1,080 கிராம். குடிநீருக்கே விரும்பத்தக்க அளவு 250 வரை, வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. எனவே 300 என்பது கொங்குப் பக்கத்திலோ இராமநாதபுரம் பக்கத்திலோ ஆச்சரியமான எண்ணே அல்ல.

அப்படியென்றால் உரத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. தண்ணீர் இன்னும் உப்பாகி 600 ஆனால் உரத்தின் பங்கு ஒன்பதில் ஒன்றாகிவிடும். வாய்க்கால் தண்ணீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால் நிலைமை தலைகீழ்: தண்ணீரில் வருவது 180 கிராம், உரத்தில் வருவது 260. உரத்தின் பங்கு பாதிக்கு மேல், ஆனால் மொத்தமே சொற்பம் என்பதால் வாழைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உரத்தின் குளோரைடு பெரிதாகத் தெரியும் இடத்தில் அது கெடுதல் செய்வதில்லை. கெடுதல் செய்யும் இடத்தில் உரத்தை மாற்றினாலும் மொத்தக் குளோரைடு பத்துச் சதவீதம்தான் குறையும்.

உப்புத் தண்ணீரில் வாழை இலை ஓரம் கருகினால் உடனே 0-0-50க்கு ஓடுவதைவிட, நல்ல தண்ணீரோடு கலந்து விட முடியுமா, ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு அடியில் இறங்கிப் போக வடிகால் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. குளோரைடு மண்ணில் எதனோடும் ஒட்டாது. களிமண் துகளும் எதிர்மின்சுமை உள்ளதுதான், அதனால் தள்ளிவிடுமே தவிரப் பிடிக்காது. தண்ணீர் போகும் வழியில் போய்விடும். பொட்டாசியம் அப்படியல்ல, களிமண்ணின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்கிக்கொள்ளும். மழை வேண்டாததைக் கழுவி, வேண்டியதை விட்டுவைக்கிறது. மணற்பாங்கான மண்ணில் மட்டும் இரண்டுமே இறங்கிவிடும், அங்கே வாரத்துக்கு இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியதுதான்.

பயிரையும் பார்க்க வேண்டும். திராட்சை, ஸ்ட்ராபெரி, பீன்ஸ், எலுமிச்சை இனங்கள் எல்லாம் குளோரைடுக்குச் சட்டென்று வாடுபவை. புகையிலையில் ஏறினால் இலை ஒழுங்காக எரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருப்பவரிடம் போய் வெள்ளைப் பொட்டாஷ் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தென்னைக்கு இது அப்படியே மாறும். தென்னை குளோரைடை ஒரு சத்தாகவே கேட்கிற மரம். நடும்போது குழியில் கல்லுப்பு போடுகிற வழக்கம் சும்மா வந்ததல்ல. தென்னைக்கு 0-0-50 வாங்குவது காசைக் கொடுத்து ஒரு சத்தைக் குறைத்துக்கொள்வது.

சல்பேட்டும் சுண்ணாம்புத் தண்ணீரும்

பொட்டாசியம் பொதுவாக எதனோடும் சேர்ந்து டிரிப்பரை அடைப்பதில்லை. அடைப்பு எப்போதும் துணையால்தான் வரும், அந்தத் துணை போர் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு கூடிக்கொள்ளும்போது. சல்பேட்டும் கால்சியமும் சேர்ந்தால் ஜிப்சம். அது லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும்.

0-0-50ஐச் சுண்ணாம்பு கூடிய சப்பைத் தண்ணீரில் கலக்கினால் டிரிப்பர் அடைக்கும் என்று பொதுவாகச் சொல்வது முழுக்கச் சரியல்ல. வென்சுரி (உரக்கரைசலைக் குழாய்த் தண்ணீருக்குள் உறிஞ்சி விடும் கருவி) வழியாகப் போய்த் தண்ணீரோடு கலந்து லிட்டருக்கு ஒரு கிராமாக நீர்த்துப் போன பிறகு, லிட்டருக்கு 120 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரில்கூட ஜிப்சம் படியும் அளவை அது எட்டாது. ஆபத்து டிரம்முக்குள், அடர்ந்த கரைசலில். அதிலும் பெரிய ஆபத்து ஒரே டிரம்மில் கால்சியம் நைட்ரேட்டையும் 0-0-50ஐயும் சேர்த்துப் போடுவது. 100 லிட்டரில் இரண்டும் ஒவ்வொரு கிலோ போட்டால் நிமிடங்களில் தண்ணீர் பால்போல ஆகி, அரைக்கிலோ அளவுக்கு ஜிப்சம் அடியில் உட்காரும். ஆசிட் விட்டுக் கழுவலாம் என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்புப் படிவு ஆசிட்டில் நுரைத்துக் கரையும், ஜிப்சம் அசையாது. அடைத்த டிரிப்பரைப் பிடுங்கி வேறு போடுவதுதான் வழி.

இன்னொரு கூட்டணியும் அடிக்கடி நடக்கிறது: வெள்ளைப் பொட்டாஷையும் அம்மோனியம் சல்பேட்டையும் ஒரே டிரம்மில் அடர்த்தியாகக் கலப்பது. இரண்டும் தனித்தனியே நன்றாகக் கரைபவை. சேர்ந்தால் நான்கு அயனிகள் ஒரே தண்ணீரில். அவற்றில் எந்த ஜோடி குறைவாகக் கரையுமோ அது வெளியே வந்து படியும், அதாவது பொட்டாசியம் சல்பேட். போட்டது இரண்டு, அடியில் கிடப்பது மூன்றாவது. யூரியாவோடு வெள்ளைப் பொட்டாஷைக் கலப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, 0-0-50ன் நல்ல பக்கம்? அதில் 17 சதவீதத்துக்கு மேல் கந்தகம் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு இனப் பயிர்களுக்கு அது தனியாக வாங்க வேண்டிய சத்து. வாழைக்குக் கந்தகம் வேண்டும், ஆனால் 660 கிராம் உரத்தில் வரும் 110 கிராமுக்கு மேற்பட்ட கந்தகம் முழுவதும் அதற்குத் தேவையில்லை. கடைசி மாதங்களில் தழைச்சத்து ஏற்றாமல் பொட்டாஷ் மட்டும் கொடுக்க விரும்புகிறவருக்கும் தண்ணீர் உப்பாக உள்ளவருக்கும் இதுதான் நாகரிகமான உரம்.

13-0-45: தழைச்சத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்

முழுப் பொட்டாஷையும் 13-0-45 வழியாகவே கொடுத்தால் மரத்துக்கு 95 கிராம் தழைச்சத்தும் கூடவே இறங்கும். மொத்தத் தேவையே 110 தான். அப்படியானால் யூரியா ஏறக்குறைய நிறுத்தப்பட வேண்டும், 200 கிராம் யூரியா மிச்சம். ஆனால் யூரியா மலிவு என்பதால் அந்த மிச்சம் 13-0-45ன் விலையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நம்மவர்கள் பலர் யூரியாவையும் நிறுத்தாமல் இதையும் விடுகிறார்கள். விளைவு, மரம் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், தார் தள்ளத் தாமதமாகும், காற்றடித்தால் சாயும்.

காலக் கணக்கிலும் ஒரு முரண் இருக்கிறது. வாழைக்குத் தழைச்சத்து முன்பாதியில் அதிகம் வேண்டும், பொட்டாஷ் பின்பாதியில், குலை தள்ளிக் காய் திரளும்போது அதிகம் வேண்டும். 13-0-45ல் இரண்டும் கட்டிப்போட்டதுபோல ஒரே விகிதத்தில் வரும். அதனால் வாழைக்கு இதை முழு உரமாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தார் வெளிவருவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மாதங்களில் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தென்னை நார்க்கழிவில் வளரும் குடைமிளகாய், வெள்ளரி, தக்காளி வைத்திருப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே மண் இல்லை, குளோரைடைத் தாங்கிக்கொள்ள இடமில்லை, யூரியாவை மாற்றித் தரும் நுண்ணுயிரும் போதாது. நைட்ரேட் நேரடியாக வேருக்குள் போகும், அப்படிப் போய்விடுவதால் தண்ணீரில் உப்பாகத் தேங்கி நிற்பதுமில்லை. கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே டிரம்மில் நிம்மதியாக இருக்கும் என்பது இன்னொரு பெரிய வசதி. இந்தக் குணம் வெள்ளைப் பொட்டாஷுக்கும் உண்டு, 0-0-50க்கும் 0-52-34க்கும் கிடையாது.

வைப்பதில் மட்டும் கவனம். இது ஆக்சிஜனை அள்ளித் தரும் பொருள். டீசல் கேன், வைக்கோல், கந்தகத்தூள் பக்கத்தில் அடுக்கக் கூடாது.

இசி மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

சொட்டுநீர்க்காரர்கள் பலர் கையில் இப்போது பேனா மாதிரி இசி மீட்டர் (தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பை அளப்பது) வைத்திருக்கிறார்கள். அதைச் சரிபார்க்கத் தரும் 1,413 (மைக்ரோசீமென்ஸ், அதாவது 1.4 மில்லிசீமென்ஸ்) என்று எழுதிய கரைசல் வேறொன்றுமில்லை, லிட்டருக்கு முக்கால் கிராம் சுத்தமான பொட்டாசியம் குளோரைடு. பொட்டாஷ் உப்பை வைத்துத்தான் உலகம் முழுக்க அந்த மீட்டரைச் சரிபார்க்கிறார்கள்.

லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்தால் வெள்ளைப் பொட்டாஷ் இசியை 1.9 மில்லிசீமென்ஸ் அளவுக்கு ஏற்றும், 0-0-50 சுமார் 1.5, 13-0-45 சுமார் 1.3. இதைக் காட்டித்தான் "பாருங்கள், எவ்வளவு உப்பு" என்பார்கள். ஆனால் கிராமுக்குக் கிராம் ஒப்பிடுவது ஏமாற்று வேலை. ஒரே அளவு சாம்பல் சத்து, லிட்டருக்கு அரை கிராம் என்று வைத்துப் பாருங்கள்: வெள்ளைப் பொட்டாஷ் 0.83 கிராம் போதும், 0-0-50 ஒரு கிராம், 13-0-45 1.1 கிராம். மூன்றிலும் இசி ஒன்றரைக்கு அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். மீட்டருக்கு அது குளோரைடா நைட்ரேட்டா என்று தெரியாது.

வேருக்குத் தெரியும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிப்பது கரைந்திருக்கும் அயனிகளின் எண்ணிக்கையால். ஒரு பொட்டாசியத்தோடு ஒரு குளோரைடு என்றால் இரண்டு அயனி. இரண்டு பொட்டாசியத்துக்கு ஒரே சல்பேட் என்பதால் பொட்டாசியம் ஒன்றுக்கு ஒன்றரை அயனிதான் கணக்கு. உர நூல்களில் வரும் உப்புக் குறியீட்டில் வெள்ளைப் பொட்டாஷ் 116, 13-0-45 74, 0-0-50 46 என்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றுப் பருவத்திலும், மண் காய்ந்திருக்கும்போதும், விதைக்குப் பக்கத்திலும் அந்த வித்தியாசம் நிஜம். ஐந்து மாத வாழைக்கு, தினமும் தண்ணீர் ஓடும் சொட்டுநீரில், அது பெரிதாக வெளியே தெரிவதில்லை.

சாம்பலும் ஆலைப் பொட்டாஷும்

இயற்கை வழிக்காரர்கள் சாம்பலைக் கரைத்து விடலாமா என்று கேட்கிறார்கள். சாம்பலில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். கரைதிறனில் எல்லாரையும் தோற்கடிக்கும், 100 மில்லியில் 110 கிராம். ஆனால் கரைசலின் பிஎச் 11ஐத் தாண்டும். சப்பைத் தண்ணீரில் விட்ட கணமே சுண்ணாம்பு படியும், அம்மோனியம் உரத்தோடு சேர்ந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையாகத் தழைச்சத்து பறந்துவிடும். சொட்டுநீருக்கு வேண்டாம், மண்ணில் தூவுங்கள். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வரும் 14.5 சதவீதப் பொட்டாஷுக்கும் இதேதான். அதில் கரையாத பகுதி உண்டு, தூவுவதற்கான உரம் அது.

என் தேர்வு

தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் கையில் இருந்தால் முடிவு ஐந்து நிமிட வேலை. குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள், மண்ணில் வடிகால் உண்டு, பயிர் வாழை: முழுக்க முழுக்க வெள்ளைப் பொட்டாஷ், கண்ணை மூடிக்கொண்டு. மிச்சமாகும் பணத்தில் நல்ல ஃபில்டர் வாங்கலாம். குளோரைடு 200க்கும் 400க்கும் இடையே என்றால் நடவிலிருந்து தார் வரும்வரை வெள்ளைப் பொட்டாஷ், தார் வந்த பிறகு 0-0-50. அதற்கு மேல் என்றால் முழுக்க 0-0-50 போடலாம், ஆனால் உரம் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கையில் அல்ல. அந்தத் தண்ணீருக்கு வாழை சரியான பயிரா என்பதையே திரும்ப யோசிக்க வேண்டும். திராட்சைக்கு 0-0-50, பசுமைக்குடிலுக்கு 13-0-45, தென்னைக்கு வெள்ளையோ சிவப்போ ஏதாவது ஒரு குளோரைடு.

மழைக்காலத்துக்கு முன் மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் வெள்ளைப் பொட்டாஷை மட்டும் பாலித்தீன் பை பிரிக்காமல் வைக்கவும். காற்றில் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கார்த்திகையில் டெல்டாப் பக்கம் ராத்திரிகளில் ஈரப்பதம் அதற்கு மேலேதான் இருக்கும். 13-0-45க்கு அந்த எல்லை 92க்கு மேல், 0-0-50க்கு 97. அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

புதிதாக எந்த உரத்தைக் கலப்பதானாலும் முதலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் உங்கள் போர் தண்ணீரையே எடுத்து, டிரம்மில் போடும் அதே விகிதத்தில் கலந்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் அடியில் ஏதாவது நின்றால் பாட்டிலை வெந்நீரில் வைத்துப் பாருங்கள். கரைந்தால் அது கரையாத உரம், டிரம்மில் தண்ணீரைக் கூட்டினால் போதும். கரையாமல் வெள்ளையாக நின்றால், தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் படிவின் மேல் இரண்டு சொட்டு ஆசிட் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் பெரும்பாலும் ஜிப்சம். எது வந்தாலும் டிரம்மின் உறிஞ்சு குழாயை அடிமட்டத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் கட்டுங்கள். அதற்குக் கீழே நிற்பதை வென்சுரிக்குள் விடாமல் வாளியில் அள்ளி மரத்தடியில் ஊற்றிவிடலாம்.